ஆம்லா அன்று நோன்பு வைக்கவில்லை

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா நோன்பு வைத்துக்கொண்டே 311 ரன் அடித்தார் என்று ஒரு ஃபார்வர்டு, ரமலான் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் வந்து விழுந்துவிடும். யாராவது ஒரு மாமா அனுப்புவார், கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். 2012 ஜூலை, லண்டன் ஓவல் மைதானம், தென்னாப்பிரிக்கர் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் முச்சதம், 13 மணி நேரத்துக்கும் மேலாகக் களத்தில் நின்றார், எல்லாம் உண்மை. அந்த டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோதுதான் ரமலான் பிறை பிறந்தது, அதுவும் உண்மை. ஆனால் மனுஷன் நோன்பு வைக்கவில்லை. கேட்டவர்களிடம் அவரே சொல்லிவிட்டார், நான் பயணத்தில் இருக்கிறேன், ஊருக்குப் போய்ப் பிடித்துக்கொள்வேன் என்று.

எனக்கு அந்த ஃபார்வர்டைவிட இந்தப் பதில்தான் ரொம்பப் பிடிக்கும். தாடியும் தொழுகையுமாக இருக்கிற, மார்க்கத்தில் இத்தனை பிடிப்புள்ள ஒருத்தர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது அலட்டிக்கொள்ளாமல் பயணிக்கு மார்க்கம் தரும் சலுகையை எடுத்துக்கொள்கிறார். நம் ஆட்களுக்கோ அந்தச் சலுகை கண்ணில் படவே மாட்டேன் என்கிறது, வீரக்கதைதான் வேண்டியிருக்கிறது.

ஆபீசில் ஒவ்வொரு வருஷமும் யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பார்கள், அவர்களுக்கு நான் ரமலான் நோன்பைப் பற்றி முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா, முப்பது நாளுமா, எச்சில் முழுங்கலாமா, மயக்கம் வராதா, உடம்பு இளைக்குமா. (இளைக்காது. பெருநாள் முடிந்து எடை பார்த்தால் ஏறித்தான் இருக்கும், காரணம் கீழே வரும்.) கேட்பவர்கள் பாதிப் பேர் இதை ஏதோ உடம்பை வதைத்துக்கொள்ளும் தவம் மாதிரி நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள், மீதிப் பேர் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று நினைத்து நன்மைகளை எனக்கே எடுத்துச் சொல்கிறார்கள். ரெண்டும் இல்லை என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லி அலுத்துப் போனதால் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்த வருஷம் லிங்க் அனுப்பிவிடலாம்.

அடிப்படை ரொம்பச் சின்னது. வைகறையில் ஃபஜ்ர் தொழுகை நேரம் தொடங்குவதிலிருந்து சூரியன் மறையும் வரை சாப்பாடு, தண்ணீர், புகை, தாம்பத்தியம் கிடையாது. அதற்கு முன் மனதில் நிய்யத் வேண்டும், அதாவது இன்று அல்லாஹ்வுக்காக நோன்பு பிடிக்கிறேன் என்ற எண்ணம். எங்கள் ஊர்ப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில், ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் (பள்ளிவாசல் இமாம்) நிய்யத்தை அரபியிலும் தமிழிலும் சொல்லிக்கொடுக்க, பள்ளிவாசல் முழுக்கக் கூடவே சொல்லும். அதை வாயால் சொல்லத் தேவையில்லை, மனதில் இருந்தால் போதும் என்கிறவர்களும் உண்டு. எச்சில் முழுங்கலாம். குளிக்கலாம். பல் விளக்கலாம், பேஸ்ட் தொண்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால் முறியாது. ஊசி போட்டால் முறியுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, மருந்து ஊசியால் முறியாது, சத்துக்காக ஏற்றும் குளுக்கோஸ் டிரிப்பால் முறியும் என்பது பெரும்பாலோர் சொல்வது.

மறந்து சாப்பிட்டுவிட்டால்? நோன்பு முறியாது. ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டியதுதான். அவருக்கு உண்ணவும் பருகவும் கொடுத்தது அல்லாஹ்தான் என்று ஹதீஸே, அதாவது நபிமொழியே, இருக்கிறது. இந்த ஹதீஸைச் சின்னப் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடும் என்பதை ஒரு நோன்பு மாதம் எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். என் தம்பி ஆறு வயதில் தினமும் பதினொரு மணிக்கு மேல் எதையாவது 'மறந்து' சாப்பிடுவான். அவன் வயதுக்கு நோன்பே கடமையில்லை, பருவ வயது வந்த பிறகுதான். இருந்தாலும் பெரியவர்களைப் பார்த்து அடம்பிடித்து அரை நோன்பு வைப்பார்கள், மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னதும் திறந்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதுதான் வேடிக்கையாகத் தெரியும். வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகத் தெரியும் வரை உண்ணுங்கள், பருகுங்கள், பிறகு இரவு வரை நோன்பை முழுமையாக்குங்கள் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 187ஆம் வசனத்தில் வருகிறது. அதீ பின் ஹாதிம் என்ற நபித்தோழர் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளைக் கயிறும் ஒரு கறுப்புக் கயிறும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. காலையில் நபியிடம் போய்ச் சொன்னபோது, அப்படியானால் உன் தலையணை ரொம்பப் பெரியதாக இருக்க வேண்டும், அது இரவின் கருமையையும் பகலின் வெண்மையையும் சொல்வது என்று விளக்கினாராம். இப்போது நூலுக்குப் பதிலாக எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் நகைக்கடைக்காரர் அச்சடித்துக் கொடுத்த ரமலான் அட்டை தொங்குகிறது. முதல் கட்டத்தில் பிறை, இரண்டாவதில் தேதி, அப்புறம் சஹர் (விடியலுக்கு முன் சாப்பிடும் சாப்பாடு) முடிவு, இஃப்தார் (நோன்பு திறக்கும் நேரம்). எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பதினைந்தாம் பிறைக்குள் மஞ்சளாகிவிடும். அந்த இஃப்தார் கட்டத்தில் 6.29 என்று இருந்தால் 6.28க்குப் பேரீச்சம்பழம் கையில் இருக்கும், வாய்க்குப் போகாது. துபாயில் புர்ஜ் கலீஃபா வந்த பிறகு இன்னும் வேடிக்கை. உயரத்தில் இருப்பவர்களுக்குச் சூரியன் தாமதமாகத்தான் மறையும் என்பதால், 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150க்கு மேல் மூன்று நிமிடமும் கழித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அந்த ஊர் மார்க்க அறிஞர் சொன்னார்.

நம் ஊரில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சென்னையில் ரமலான் எந்த மாதத்தில் வந்தாலும் நோன்பு கிட்டத்தட்ட பன்னிரண்டரையிலிருந்து பதினாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் என்றால் பதினெட்டைத் தாண்டும். நார்வேயின் ட்ரோம்ஸோவில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை, அங்கே இருப்பவர்கள் மக்காவின் நேரத்தையோ வேறு ஊரின் நேரத்தையோ வைத்துக்கொள்கிறார்கள்.

மாதம் ஏன் மாறிக்கொண்டே வருகிறது என்று கேட்பார்கள். பிறைக் கணக்கில் வருஷத்துக்கு 354 நாள்தான், அதனால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்து, ஏறக்குறைய 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும். 2019இல் அக்னி நட்சத்திரம் கிட்டத்தட்ட முழுவதுமே நோன்புக்குள் வந்தது, அந்த வருஷம் சென்னையில் குழாயிலும் தண்ணீர் இல்லை, அதை யாரும் மறக்க மாட்டார்கள். 2026இல் பிப்ரவரிக் குளிரில் தொடங்கியது. 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு ரமலான் தொடங்கும். எந்த நாள் தொடங்குவது என்பதில் தமிழ்நாட்டில் நடக்கும் பிறைச் சண்டையைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம். தலைமை காஜி அறிவிப்பைப் பார்ப்பவர்கள், எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்பவர்கள், கணக்கிட்டு வைப்பவர்கள் என்று ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடிய வருஷமெல்லாம் உண்டு. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

சரி, ஆம்லா விஷயத்துக்கு வருகிறேன். நோன்பைக் கடமையாக்கும் வசனம் 2:183. அதற்கு அடுத்த வசனத்திலேயே, மூச்சு விடுவதற்குள், நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் பிடித்துக்கொள்ளட்டும் என்று வந்துவிடுகிறது, முடியாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கட்டும் என்று வருகிறது. 185இல் நோயாளி, பயணி பேச்சு மறுபடியும் வருகிறது, கூடவே அல்லாஹ் உங்களுக்கு இலகுவை நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற வாசகமும். மொத்தமே ஐந்து வசனம், அதில் இரண்டு இடத்தில் விலக்கு. பயணம் என்றால் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேல். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போடலாம். மாதவிடாயில் இருப்பவர்கள் பிடிக்கவே கூடாது, பிறகு களா செய்ய வேண்டும், அதாவது விட்டதை வேறு நாளில் பிடிக்க வேண்டும். தள்ளாத வயதினர், ஆறாத நோய் உள்ளவர்கள் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு என்று பித்யா கொடுத்துவிட்டால் போதும். நோன்பின் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தால் பிடிப்பது எப்படி என்பதைவிட விடுவது எப்போது என்பதுதான் அதிகப் பக்கம் வரும். என்னைக் கேட்டால் நோன்பைப் புரிந்துகொள்ள நினைக்கிறவர் பசியிலிருந்து தொடங்கக் கூடாது, இந்த விலக்குகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே எதிர்பார்க்கப்படுவது சாகசம் இல்லை என்பது அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இதை எங்கள் ஆட்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் கூத்து.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஆறேழு நாள் நோன்பு இல்லை என்பது மார்க்கமே சொன்னது, யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே, சஹரில் மிஞ்சிய சோற்றைத் தயிர் ஊற்றிப் பிசைந்து நாலு வாய். அண்ணனோ அத்தாவோ (அப்பா) வரும் சத்தம் கேட்டால் தட்டு ஸ்லாபுக்குக் கீழே போய்விடும். சில வீடுகளில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே சஹருக்கு எழுந்து எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பகலெல்லாம் பட்டினி கிடப்பார்கள். நோன்பும் இல்லை, சாப்பாடும் இல்லை, நன்மையும் இல்லை. யாராவது 'இன்னிக்கு நோன்பு இல்லியா?' என்று கேட்டால் 'தொழுகை இல்லை' என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். நபியின் மனைவி ஆயிஷா, ரமலானில் விட்ட நோன்புகளை அடுத்த ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில்தான் என்னால் களா செய்ய முடிந்தது என்று வெளிப்படையாகச் சொன்னது ஹதீஸ் நூல்களில் பதிவாகி, ஆண்கள் மதரசாவில் உட்கார்ந்து அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். அதே ஆண்கள் வீட்டுக்கு வந்தால் தட்டு ஒளிகிறது.

நோன்பு மாதத்தில் அடுப்படி ஓய்வதே இல்லை. மூன்றரைக்கு எழுந்து சோறு வடித்து, முட்டையைப் பொரித்து, எல்லோரையும் எழுப்பி, எழுந்திருக்காதவர்களை மறுபடி எழுப்பி, பள்ளி ஸ்பீக்கரில் சஹர் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று அறிவிக்கும்போதுதான் சமைத்தவள் சாப்பிட உட்காருவாள். மூன்று மணிக்கு மேல் மறுபடி வடைக்கு அரைப்பது, சமோசா மடிப்பது. உப்புப் பார்க்க முடியாது. சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு நாக்கில் வைத்து, உப்பா, சப்பா என்று கேட்க வேண்டும், அது சமயத்தில் பொய் சொல்லும். ஹனஃபி என்ற மார்க்கச் சட்டப் பிரிவின் நூல்களில் இதற்கு ஒரு சலுகை இருக்கிறது, புருஷன் முன்கோபக்காரனாக இருந்தால் மனைவி நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், அதில் குற்றமில்லை என்று. இதை முதலில் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பு. பல நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ ஒரு பெரியவர் எந்த வீட்டுச் சண்டையை மனதில் வைத்து இதை எழுதினாரோ.

அடுத்தது நோயாளிகள். என் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, சர்க்கரை, கூடவே பிரஷர். டாக்டர் வேண்டாம் என்றார், அத்தா வேண்டாம் என்றார், கேட்டால்தானே. மாத்திரையைச் சஹரில் ஒன்று, இஃப்தாரில் ஒன்று என்று தானே மாற்றிக்கொண்டு நோன்பு பிடித்தது. ஒருநாள் நாலரை மணி இருக்கும், மாலைத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறது, கை நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வேர்வை, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. மெஷினில் குத்திப் பார்த்தால் 58. 70க்குக் கீழே போனால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. அம்மா சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கி வாயருகில் கொண்டுபோனால் நன்னி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. 'இன்னும் ரெண்டு மணி நேரந்தானே, விடுங்க.' கடைசியில் அத்தா பள்ளி ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஹஜ்ரத் பயான், பிரசங்கம் எல்லாம் செய்யவில்லை. 'குடிங்கம்மா. குடிச்சா குத்தமில்லை, குடிக்காம எதாச்சும் ஆச்சுன்னாதான் குத்தம்' என்றார், அவ்வளவுதான். நன்னி குடித்தது. குடித்துவிட்டு அழுதது. மறுநாளிலிருந்து தினமும் படியில் அரிசி அளந்து பித்யாவுக்கென்று தனிச் சாக்கில் போட ஆரம்பித்தது, யாரையும் அளக்க விடவில்லை.

நன்னி மட்டும் இல்லை. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் எடுத்த எபிடியார் ஆய்வில், டைப் 2 உள்ளவர்களில் 79 சதவீதம் பேர் நோன்பு வைத்ததாகச் சொன்னார்கள். இன்சுலின் இல்லாமல் வாழவே முடியாத டைப் 1இல் 43 சதவீதம். இவர்களில் நிறையப் பேருக்கு விலக்கு இருக்கிறது. இருந்தும் வைக்கிறார்கள், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் வைக்கும்போது தான் மட்டும் தட்டு எடுத்து உட்கார மனசு வராது. எனக்கு அது புரிகிறது. எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை, மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி டாக்டர் மேற்பார்வையில் பத்திரமாக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரமலானுக்கு ஒன்றரை மாதம் முன்பே போய்க் கேட்க வேண்டும், முதல் நோன்பன்று போன் செய்து கேட்கக் கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். முறியாது. தயவுசெய்து பாருங்கள்.

விலக்கு மட்டும் இல்லை, தண்டனையிலும் இந்த இலகு இருக்கிறது. ஒருத்தர் நபியிடம் ஓடி வருகிறார், நான் அழிந்தேன், நோன்புப் பகலில் மனைவியுடன் கூடிவிட்டேன் என்கிறார். ஓர் அடிமையை விடுதலை செய்ய முடியுமா? முடியாது. தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு பிடிக்க முடியுமா? முடியாது. அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க முடியுமா? அதுவும் முடியாது. உட்கார் என்கிறார் நபி. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு கூடை பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுக்க, இதைக் கொண்டுபோய் தர்மம் செய் என்று அவரிடமே தருகிறார். அந்த மனிதர் சொல்கிறார், இந்த மதீனாவில் என் குடும்பத்தைவிட ஏழை யாரும் இல்லையே. நபி கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்துவிட்டு, சரி, உன் குடும்பத்துக்கே கொடு என்று அனுப்பிவிட்டார். தப்பு செய்துவிட்டு வந்தவன் கூடை நிறையப் பழத்தோடு வீட்டுக்குப் போனான். புகாரி தொகுப்பில் இருக்கிற ஹதீஸ் இது. இந்தக் கதையை வெள்ளிக்கிழமை ஜும்ஆ மேடையில் நான் கேட்டதைவிட, நோன்பு விட்டவனை ஊர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்ட கதைகளைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் என்னதான் கஷ்டம் என்று கேட்டால், பசி இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, அது காபி கிடைக்காததால். நாக்கு வறளும். நாலு மணிக்கு மேல் மூளை கொஞ்சம் மந்தமாகும், மெயிலை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். தூக்கம்தான் பிரச்சினை, தராவீஹ் முடிந்து படுக்கப் பதினொன்று, எழ மூன்றரை. வாய் அதைவிடப் பிரச்சினை. பொய்யையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் உணவையும் தண்ணீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்று ஒரு ஹதீஸ். யாராவது சண்டைக்கு வந்தால் 'நான் நோன்பாளி' என்று சொல்லிவிட்டு விலகச் சொல்கிறது இன்னொன்று. மதியம் மூன்று மணிக்கு, ஆட்டோக்காரர் பேசிய காசுக்கு மேல் நாற்பது ரூபாய் கேட்கும்போது, இதை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் நோன்பு. சோறு இல்லாமல் இருப்பது சுலபம். மச்சியை (அண்ணியை)ப் பற்றிப் பேசாமல் இருந்து பாருங்கள்.

இஃப்தாரைப் பற்றி எழுதாமல் விட்டால் கஞ்சி கோபித்துக்கொள்ளும். தமிழ் முஸ்லிம்களுக்கு நோன்புக் கஞ்சி இல்லாமல் நோன்பு இறங்காது. வடநாட்டில் இது கிடையாது, அங்கே பழங்களும் பக்கோடாவும். எங்கள் பள்ளியில் லுஹருக்கே அண்டா ஏற்றிவிடுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா மல்லி, கொஞ்சம் கைமா, கடைசியில் தேங்காய்ப்பால். அஸருக்குப் பிறகு தூக்குவாளிகள் வரிசையில் வந்து நிற்கும், ஆட்கள் நிழலில் நிற்பார்கள், வாளிகள் மட்டும் வெயிலில். அந்த வாளிகளில் பாதி முஸ்லிம் அல்லாதவர்களுடையது, பிள்ளைக்குக் காய்ச்சல், வாய்க்கு ருசியாக இருக்கும் என்று வாங்கிப் போவார்கள். இந்தக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரிசி கொடுத்து வருகிறது, ஆட்சி மாறினாலும் இது மாறவில்லை. 2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தபோது கஞ்சி காய்ச்ச வழியில்லாமல் அந்த அரிசியை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சென்னை திருவல்லிக்கேணியில், 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில், ரமலான் மாலைகளில் உணவு கொண்டுவந்து பரிமாறுவது மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்தது, பல பத்தாண்டுகளாக நடக்கிறது. முழுக்கச் சைவச் சாப்பாடு. தொண்டர்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு தட்டை நீட்டுவார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொரு பக்கம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி, இவ்வளவில் திறந்துவிடலாம். நாங்களோ எண்ணெயில் பொரிக்க முடிந்த எல்லாவற்றையும் பொரித்துவிடுகிறோம். மேலே எடை ஏறும் என்றேனே, இதுதான். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் இரவு பன்னிரண்டு மணிக்கு ரீல்ஸ் எடுக்கும் கூட்டம் ஒருபுறம், அரசியல்வாதிகள் வெள்ளைத் தொப்பி போட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு போட்டோவுக்கு நிற்கும் இஃப்தார்கள் ஒருபுறம். அந்தத் தொப்பியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், நோன்பு திறக்க எந்தத் தொப்பியும் தேவையில்லை. மாதம் முடியும்போது பெருநாள் தொழுகைக்கு முன்பே தலைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ அரிசி அல்லது அதற்குரிய காசு ஃபித்ராவாக ஏழை வீட்டுக்குப் போய்விட வேண்டும், வீட்டில் அன்று பிறந்த குழந்தைக்கும் சேர்த்து. இந்தப் பாகத்தை யாரும் ரீல்ஸ் எடுப்பதில்லை, அது நல்லதுதான்.

கடைசியாக, நோன்பு வைத்திருக்கும் ஆட்களோடு வேலை செய்கிறவர்களுக்கு. எங்கள் முன்னால் தாராளமாகச் சாப்பிடுங்கள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் ஒளிய வேண்டாம், பிரியாணி வாசனையால் நோன்பு முறியாது. ஆறு மணிக்கு மீட்டிங் வைக்காதீர்கள், பன்னிரண்டுக்கு வைத்தால் சந்தோஷமாக வருவோம். நோன்பு வைக்காத ஒரு முஸ்லிமைப் பார்த்தால், முக்கியமாக ஒரு பெண்ணைப் பார்த்தால், ஏன் வைக்கவில்லை என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கும், அதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. ஒருநாள் கூடவே நோன்பு இருந்து பார்க்கிறேன் என்று சில நண்பர்கள் ஆசைப்படுவார்கள், இருங்கள், ஆனால் சஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு இருங்கள், அதைத் தவறவிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று என்னிடம் வராதீர்கள். கஞ்சி வேண்டும் என்றால் யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டாம், மூடியுள்ள தூக்குவாளி ஒன்றை எடுத்துக்கொண்டு அஸர் முடிந்ததும் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போங்கள். ஐந்தரைக்கு மேல் போனால் அண்டாவில் அடிப்பிடித்ததுதான் கிடைக்கும், அதற்கும் எங்கள் ஊரில் போட்டி உண்டு.